ஜீப்புக்குக் கண் கொடுத்த குழு

சூரியனைப் படைத்தவன் யாரையும் கலந்து ஆலோசிக்கவில்லை. அதனால்தான் அது பாதி நேரம் எரிவதில்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்று (பெயர் வேண்டாம்) தன்னுடைய ஜீப்பின் முன்விளக்கு விஷயத்தில் அப்படியொரு தவற்றைச் செய்யவில்லை. இது நடந்தது 1968 ஐப்பசியில்.

ஜீப்பை ஓட்டியவர் முசரவாக்கத்து முருகேசன். இடப்பக்க விளக்கு போய் நாலு நாள் ஆகியிருந்தது. எதிரே வருகிறவர்கள் ஒற்றை விளக்கைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று எண்ணிக்கொண்டு, ஜீப்பின் மீதிப் பாதி இருக்கிற இடத்துக்கே தாராளமாக வந்தார்கள். வாலாஜாபாத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் லைசென்ஸ் இருக்காது என்றார். லைசென்ஸ் போனால் வேலை போகும். முருகேசன் நேரே சங்கத் தலைவர் உமாபதியிடம் போய் நின்றார்.

“ஐயா, லெப்ட் சைடு பல்பு போயிடிச்சி. பன்னெண்டு வோல்ட்டு. எழுதிக் குடுத்தீங்கன்னா பத்து நிமிஷத்துல வாங்கியாந்து மாட்டிடுவேன்.”

“பன்னெண்டுன்னு நீயா எப்படிப்பா முடிவு பண்ண?”

“பல்புலயே எழுதியிருக்குதுங்க.”

முருகேசன் நீட்டிய பல்பைத் தலைவர் வாங்கினார்; படிக்கவில்லை. ‘சான்று’ என்று எழுதிய உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். பிறகு மூவர் கொண்ட ‘பல்புத் தேர்வுக் குழு’வை அமைத்தார். தலைவர் அவரே. பொருளாளர் கலியாணசுந்தரம் ஒருவர். தறியில் முப்பது வருஷம் உட்கார்ந்த கலாவதி இன்னொருவர்.

கடையிலிருந்து ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று மூன்று வோல்ட்டில் மாதிரிகள் வந்தன. உமாபதி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, ஜரிகை பார்ப்பதுபோல நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“முகூர்த்தப் புடவைன்னா கனமாத்தான் எடுக்கணும். இருபத்துநாலு” என்றார்.

“ஆறு போதும். கம்மியாக் குடிக்கும், பேட்டரி நோவாது” என்றார் கலியாணசுந்தரம்.

பன்னிரண்டு ‘நடுத்தரமானது’ என்று இருவரும் ஒருமனதாக ஒதுக்கினார்கள்.

“வண்டி ஓட்றவரு வெளியதான நின்னுக்கினு இருக்காரு. அவரைக் கேட்டா ஆவாதா?” என்றார் கலாவதி.

“கேட்டா அவரு சொல்லிடுவாரும்மா. அப்புறம் கமிட்டி எதுக்கு?” என்றார் உமாபதி.

கலாவதியின் கருத்து ‘பதிவு செய்யாமல் பாராட்டப்பட்டது’. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் இருபத்துநாலு என்று சமரசம் ஏற்பட்டது. சராசரி பதினைந்து, ஓட்டுநர் கேட்டதைவிட மூன்று அதிகம். வலப்பக்கத்தில் நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பையும் கழற்றச் சொன்னார்கள். இரண்டு பக்கத்து பார்டரும் ஒரே நாளில் நெய்ததாக இருக்க வேண்டும் அல்லவா?

“ஐயா, ஆறு பொசுங்கிடும். இருபத்துநாலு எரியாது” என்றார் முருகேசன்.

“தீர்மானம் போட்டாச்சுப்பா. இனிமே எரியாம எங்க போயிடும்?” என்றார் தலைவர்.

அன்று சாயங்காலமே தென்னேரித் தறிகளைப் பார்வையிட, மாலை போட்ட ஜீப் கிளம்பியது. கலாவதி மட்டும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் இருட்டத் தொடங்கியதும், தலைவர் விளக்கைப் போடச் சொன்னார்.

இடப்பக்கம் மின்னல் வெட்டியதுபோல் ஒரு வெளிச்சம்.

“பாத்தியா, என்னா பிரகா...” என்று தலைவர் சொல்லும்போதே அது முடிந்துவிட்டது. வலப்பக்கம் ஊதுபத்தி நுனி அளவுக்குச் சிவந்தது. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று வருவது, அதன் மாடு பெருமூச்சு விட்ட பிறகுதான் முருகேசனுக்குத் தெரிந்தது. மாட்டைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் கரையிறங்கி, முழங்காலளவு தண்ணீரில், ஓர் எருமைக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றது.

யாருக்கும் அடியில்லை. அது தெரிந்ததும் முருகேசனுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வந்த சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. தண்ணீரில் நின்றபடியே குழு கூடிற்று. மூவரில் இருவர் இருந்ததால் கூட்டம் நடத்த வேண்டிய கோரம் இருந்தது. ஓட்டுநர் சிரித்ததும் குறித்துக்கொள்ளப்பட்டது.

எட்டு நாளில் விசாரணை முடிந்து உத்தரவு வந்தது: ‘சரியான பல்பு எது என்பதை விபத்துக்கு முன்பே அறிந்திருந்தவர் ஓட்டுநர் ஒருவரே. குழுவினருக்கு அதுபற்றி ஒன்றுமே தெரியாது என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டதால் அவர்கள் பொறுப்பல்லர். ஓட்டுநர் நீக்கப்படுகிறார்.’

“தெரிஞ்சி வெச்சிருந்தது ஒரு குத்தமா?” என்று கலாவதி கேட்டார்.

“குத்தமில்லம்மா. ஆனா தெரிஞ்சவரு ஒருத்தரு இருந்துட்டா, குத்தத்தை எங்க வெக்கிறதுன்னு தேட வேண்டியதில்ல பாரு” என்றார் உமாபதி.

மறுநாள் முருகேசன் சாவியை ஒப்படைக்கப் போனபோது, புது ஓட்டுநருக்கு நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. திருமுக்கூடல் பக்கத்து ஆள், பெயர் கண்ணாயிரம்.

“பல்பு பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்றார் உமாபதி.

“ஒண்ணும் தெரியாதுங்க.”

தலைவரின் முகம் மலர்ந்தது. “வண்டி ஓட்டத் தெரியுமா?”

“அது கொஞ்சம் தெரியுங்க.”

“அந்தக் கொஞ்சத்தை வெளியில சொல்லிக்காதப்பா” என்றார் உமாபதி, முருகேசனிடமிருந்து சாவியை வாங்கி கண்ணாயிரத்திடம் நீட்டியபடி. “நாளைக்கே வந்து சேந்துடு.”