ஆதரவை நிறுத்துப் பார்த்தவர்

“எண்பத்து நாலுக்கு இருபத்தொன்பது” என்றார் நலப்பிரிவு அதிகாரி அம்மா, துக்கம் விசாரிக்க வந்தவர் போல. “வீட்டுல உங்களுக்கு யாருமே ஆதரவா இல்லையா சார்?”

தராசுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை அவருக்கு. முள் மயிரிழை விலகினாலும் முத்திரை கிடையாது. பழகிய அந்தக் கை, நலப்பிரிவு கொடுத்த பன்னிரண்டு வரிக் கேள்வித்தாளில் ‘என் குடும்பத்தார் எனக்கு உதவ உண்மையிலேயே முயல்கிறார்கள்’ என்ற வரிக்கு ஏழு மதிப்பெண் போட மறுத்துவிட்டது. இரண்டு போட்டது.

“கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே?”

“பொய்க்கணக்கு எழுத வராதுங்க.”

“அறுபதாவது வேணும் சார். மலைக் கிளைக்குப் பொறுப்பாளராப் போனவங்க எல்லாம் தனிமை தாங்காம ஓடி வந்துட்டாங்க. அதான், வீட்டு ஆதரவு பலமா இருக்கிற ஆளாப் பார்த்து அனுப்பச் சொல்றாங்க.”

ஆதரவு இருப்பவனை அந்த ஆதரவிலிருந்து பிடுங்கி அனுப்புவதில் என்ன நியாயம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பதவிப் பலகை எல்லாம் நன்றாகவே புரிந்தன. ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிப் போன பதவி. இந்த முறையும் போனால் ஓய்வு பெறும்வரை அதே முக்காலிதான்.

“ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எழுதுங்க. நடுவுல உங்க வீட்டுக்கும் ஒரு போன் போட்டுப் பேசுவேன்.”

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். மலைக்குப் போகிற விஷயத்தைச் சொன்னால் வீடு இடிந்துபோகும். மனைவி அழுது மாய்வாள். மகள் சோறு தண்ணி தொடமாட்டாள். ஆகவே அதை மட்டும் விழுங்கிவிட்டு, “எனக்குப் பதவி உயர்வு வரப்போகுது. அதுக்கு நீங்கள்லாம் எனக்கு ஆதரவா இருக்கணும்” என்றார்.

“இப்ப மட்டும் என்ன குறைச்சலாம்?” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

“வாயால சொன்னா ஆச்சா? அளக்கணும்.”

எல்லாத் தராசிலும் ஒரே எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதுதான் தொழில்முறை. அதுபோல ஒரே கவலையை எல்லாரிடமும் வைத்துப் பார்த்தார்.

“எனக்கு மனசு சரியில்லை.”

“காலையில சாப்பிட்ட தட்டு மேசையிலேயே கிடக்கு. அதைக் கழுவி வைங்க, சரியாயிடும்” என்றாள் மனைவி.

“அப்பா, சார்ஜர் உங்க பக்கத்துல இருக்கா பாருங்க” என்றாள் மகள், காதிலிருந்ததைக் கழற்றாமலே.

வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு கூடத்து சோபாவில் குடியிருந்த மைத்துனன், “எனக்கும்தான் மாமா” என்று புரண்டு படுத்தான்.

கூட்டிப் பார்த்தார். இருபத்தாறு.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஏறியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் மனைவி அவர் மனக்குறையைக் கேட்க வேண்டும்.

“ம், சொல்லுங்க.”

“ஆபீஸ்ல என் வேலையை யாருமே...”

“யாருமே மதிக்கலையா? சமையலுக்கு உப்பை நிறுத்துப் போடச் சொல்ற மனுஷனோட குப்பை கொட்டறேனே, என்னை யாரு மதிச்சா? மடிச்ச துண்டோட ஓரம் நேரா இருக்கான்னு ஸ்கேல் வெச்சுப் பார்க்கிறது எந்த வீட்டுல நடக்குது, சொல்லுங்க?”

கால் மணி ஒன்றரை மணியாக நீண்டது. கடைசியில், “கவலைப்படாதே, நான் இருக்கேன்ல” என்று அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அதுதானே கவலை” என்றாள் அவள். இருபத்திரண்டு.

கேள்விகளில் சில நண்பர்களைப் பற்றியவை. அவருக்கு நண்பர் யாரும் கிடையாது. இருந்தவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தராசு வைத்து, அவரிடம் முத்திரை கிடைக்காமல் போனவர்கள். அதனால் மைத்துனனையே நியமித்தார்.

“மாப்ளே, இன்னையிலேருந்து நீ என் நண்பன்.”

“அப்ப பைக் சாவியைக் கொடுங்க மாமா.”

பைக் போனது. விளக்கு உடைந்து, தள்ளிக்கொண்டு வரப்பட்டது. பதினேழு.

முதல் வாரம் முடிந்தது. அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

“உங்க ஆபீஸ் மேடம் போன்ல பேசினாங்க.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன கேட்டாங்க?”

“எல்லாம் உங்களைப் பத்தித்தான்” என்றாள். கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து வீடு தலைகீழாக மாறிவிட்டது. “முகம் வாடியிருக்கே, என்ன கவலை?” என்று மனைவி எதிரே உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். மகள் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, “நீங்க பெரிய ஆளா வரணும்ப்பா” என்றாள். மைத்துனன் பைக்குக்குப் புது விளக்கு போட்டுத் துடைத்தும் வைத்தான். வியர்த்துக் கொட்டும் வெயிலில் மனைவி பழைய கம்பளியைத் தேடி எடுத்துக் காயப்போட்டாள். “உங்களுக்குத்தான் குளிர் ஆகாதே.” அந்த அக்கறையில் அவர் உருகிப்போனார்.

எல்லாம் தன் அட்டவணை செய்த வேலை என்று நினைத்தார். சந்தேகத்துக்கு மறுபடியும் நிறுத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. எண்பத்து நாலுக்கு எண்பத்து நாலு.

“இப்படியொரு குடும்பமா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அதிகாரி அம்மா. உத்தரவு கைக்கு வந்தது. நாளைக்கே போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்கு வந்த தராசுக்காரர் உத்தரவை மறுபடி எடுத்துப் பார்த்தார். இத்தனை அன்பானவர்களை ஏமாற்றியல்லவா இதை வாங்கினோம்? எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

“மனசைத் திடப்படுத்திக்கங்க. பதவி இந்த ஊர்ல இல்லை. மலைக் கிளையில. ரெண்டு வருஷம், நான் மட்டும். நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா இதை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மகள் விட்டத்தைப் பார்த்தாள். மனைவி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“அழாதே” என்றார் அவர், தானும் அழுதுகொண்டே.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. துக்கம் தாளாதவன் போல மைத்துனன் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். தோளில் கயிற்றுச் சுருளோடு சாமான் வண்டிக்காரர் உள்ளே வந்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“போன வாரம் அம்மா போன்ல சொன்னது அவ்வளவுதானே? ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சார்?”