நிலா ஓட்டிய பஸ்

"இப்படிக் கொடு பென்சிலை" என்றார் சூப்பிரண்டு.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கொடுத்துவிட்டாள். அலுவலகத்தில் யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் ஒரு கமாவையாவது நகர்த்தாமல் அவர் மேலே அனுப்பியதில்லை. அந்தச் சுறுசுறுப்பாலேயே வீட்டிலும் அவருக்குச் சூப்பிரண்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே நூல் நூலாக மழை. கூடத்துத் தரையில் வெள்ளை சார்ட் ஒன்று விரிந்து கிடந்தது. மறுநாள் பள்ளியில் கண்காட்சி. மிஸ் கொடுத்த ஆங்கில வாக்கியங்களை இரண்டிரண்டு துண்டாக்க வேண்டும். யார் என்று சொல்லும் பாதி சப்ஜெக்ட். அது சிவப்புத் தாளில். அவர் என்ன செய்கிறார் என்று சொல்லும் பாதி பிரெடிகேட். அது நீலத் தாளில். ஜோடி சேர்த்து ஒட்டினால் வேலை முடிந்தது.

"எனக்குத் தெரியும்ப்பா. 'என் மாமா' சிவப்பு, 'பஸ் ஓட்டுறார்' நீலம். 'நிலா' சிவப்பு, 'மரத்துக்கு மேல வருது' நீலம். பல் டாக்டர், போர்டுல எழுதுற டீச்சர், மேசைக்கடியில தூங்குற பூனை எல்லாம் இப்படித்தான். அவ்ளோதான்."

"அவ்ளோதானா? சப்ஜெக்ட்னா என்னன்னு ஆதியிலேர்ந்து வரணும்மா."

அவர் ஆதியிலிருந்து வந்தார். வந்துகொண்டே இருந்தார். மகள் சோபாவின் காலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அவளே செஞ்சிருப்பா. விட்டிருக்கலாம்."

"நாலு பேர் பார்க்கிற விஷயம். மாடி வீட்டு டியூஷன் டீச்சரும் வர்றாங்க."

"அவங்ககிட்ட 'என் பொண்ணுக்கு நான் போதும், என் இங்கிலீஷைப் பார்த்து ஆபீஸ் டைரக்டரே எழுந்து நிப்பார்'னு சொன்னது யாரு?"

"நான்தான். இப்பவும் சொல்றேன்."

"சரி. நாளைக்குச் சொதப்புச்சுன்னா மறுநாள்லேர்ந்து அவ மாடிக்குப் போவா. அப்புறம் பென்சில் பக்கம் நீங்க வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார், டைரக்டரே எழுந்து நின்றதுபோல.

எல்லாவற்றையும் எழுதினார். எல்லாவற்றையும் வெட்டினார். ஒவ்வொன்றாக ஒட்டுவது கீழ்நிலை ஊழியர்களின் வழக்கம் என்பதால், எல்லாத் துண்டுகளின் முதுகிலும் ஒரே மூச்சில் பசை தடவினார். தடவியது கொஞ்சம் தாராளம். சற்று உலரட்டும் என்று மின்விசிறியைப் போட்டார்.

சிவப்பும் நீலமுமாகத் துண்டுகள் எழுந்தன. கூடம் முழுக்க ஒரு சுற்று சுற்றின. பிறகு அவசரமே இல்லாமல் இறங்கி, சார்ட்டில் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ஒன்றைப் பிடித்து இழுத்தார். அதோடு சார்ட்டும் கொஞ்சம் வந்தது.

விசிறியை நிறுத்தினார். புழுங்கியது. மழைச் சத்தம், பசை வாசனை, மகளின் சீரான மூச்சு. யோசிப்பதற்காகத்தான் முழங்கையை ஊன்றினார்.

ஈரமான சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நிலா. "உள்ள தள்ளி நில்லுங்க" என்றது. ஏறிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு மரத்துக்கு மேலே மெல்ல எழும்பிக்கொண்டிருந்தார். அலுவலக நிறுத்தம் வந்தது. உள்ளே பூனை ஒன்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது, நல்ல கையெழுத்து. டைரக்டர் மேசைக்கடியில் சுருண்டு தூங்கினார். யாரும் எதையும் திருத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அலுவலகம் இவ்வளவு ஒழுங்காக நடந்து அவர் பார்த்ததில்லை.

பாதிக் கண் திறந்தபோது சார்ட் எதிரே இருந்தது. நிலா பக்கத்தில் பஸ். சரிதானே. பல் டாக்டருக்குப் பக்கத்தில் மரம். அதுவும் சரி. மிச்சமிருந்த துண்டுகளையும் அதே நியாயப்படி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

"அப்பா, நிலாவா பஸ் ஓட்டுது?" மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆமா. நான் அதுலதான வந்தேன்" என்றார். சொன்ன பிறகுதான் முழுதாக விழித்தார்.

துண்டுகளைப் பெயர்க்க ஈரத்துணியால் ஒற்றினார். சிவப்பும் நீலமும் கரைந்து ஊதாவாக ஓடின. ஊதாவை மறைக்கச் சுற்றிலும் பூ வரைந்தார். அவருக்குப் பூ வராது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் புது சார்ட் வாங்கக் கடையும் திறந்திருக்கவில்லை. மனைவி வந்து பார்த்தாள், மாடிப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அழகாத்தான்ப்பா இருக்கு" என்றாள் மகள்.

மறுநாள் பள்ளியின் பெரிய கூடத்தில் சுவர் முழுக்க சார்ட்டுகள். ஒன்றில் அச்செழுத்து. ஒன்றில் பஞ்சு மேகம். ஒன்றில் பஸ்ஸின் சக்கரமே சுழன்றது. ஒன்றில் நிலாவுக்குள் குட்டி பல்பு எரிந்தது. எதிலும் ஒரு பிழை கிடையாது. கடைசியில், கரும்பலகையில் எழுதும் பூனையோடு, ஊதா நிறத்தில், அவருடையது.

சூப்பிரண்டு தூணுக்குப் பின்னால் நின்றார். மனைவிக்கு அருகே மாடி வீட்டு டியூஷன் டீச்சர், பொறுமையான புன்னகையோடு நின்றாள்.

கடைசி சார்ட்டின் முன்னால் மிஸ் நின்றாள். குனிந்து படித்தாள். ஓரத்துப் பூவை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் குழந்தையோட அப்பா வந்திருக்காரா?" என்றாள்.

மனைவி தூணைக் கைகாட்டினாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அது வந்து மிஸ்… பசை வந்து…"

"எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றாள் மிஸ், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பெரியவங்க கையே படாம, முழுக்க முழுக்கக் குழந்தையே செஞ்சது இது ஒண்ணுதான். பார்த்தாலே தெரியுது."