கடலுக்கு ஷட்டர் தேடிய அப்பா

தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. எங்கள் பிரச்சனையே அதுதான்.

அனுமந்தன்பட்டியில் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை என் அப்பாவுக்கு. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கிண்டல் செய்ய வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். இந்தக் கதையை என்னைவிட அதிகமாகச் சொல்லிச் சிரித்தவர் அவர்தான்.

மேலே அணையில் ஷட்டரைத் திறந்தால், தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்கு முன்னாலேயே அப்பா மம்பட்டியோடு நிற்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "இம்புட்டுத் தண்ணிய அனுப்பிவிட்டிருக்கேனே, இதெல்லாம் கடைசியா எங்கன போய் நிக்குதுன்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும் ஆத்தா" என்பார். ஆத்தா என்பது நான். ஒரே மகள்.

நான் எட்டாவதோடு நின்றவள். திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டப் போகிறேன். ஆனால் கையில் போன் இருக்கிறதே! (போன் இருந்தால் பாதி படித்த மாதிரி.) அதில் ஒரு வீடியோ பார்த்தேன். கேரளாவில் ஒரு குட்டிக் கடற்கரை, சுற்றிலும் பாறை, ஈ காக்கா இல்லை. "எல்லாரும் போற எடத்துக்குப் போய் கூட்டத்தப் பாக்கவா? நான் கூட்டிட்டுப் போறேன் பாருங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தேன். அங்கே ஏன் ஈ காக்கா இல்லை என்றோ, எங்கள் ஆற்றுத் தண்ணீர் கிழக்கேதானே போகிறது என்றோ யோசிக்கத் தோன்றவில்லை.

போன பிறகு தெரிந்தது. வழியே இல்லை. யாரோ ஒருவருடைய தென்னந்தோப்புக்குள் நுழைந்து, செம்மண் சரிவில் வெட்டியிருந்த குழிகளில் கால் வைத்து, தாழம்புதரில் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். அம்மா புளிச்சாதத் தூக்குவாளியை என் தலையில் வைத்துவிட்டு, பின்பக்கமாக இறங்கினாள்.

"ஏண்டி, கடலக் காட்டக் கூட்டியாந்தியா, எங்கள மேல அனுப்பக் கூட்டியாந்தியா?"

"கீழதாம்மா அனுப்புறேன், எறங்கு."

கீழே ஒரு முற்றம் அளவுக்குத்தான் மணல். மிச்சமெல்லாம் பாறை. அப்பா நேராகக் கடலுக்குப் போய் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டார். முகம் கோணியது.

"நான் நல்ல தண்ணியாத்தான அனுப்புனேன்? இப்பிடிக் கெடுத்து வச்சிருக்காகளே!"

எங்கள் ஆட்கள் தண்ணீரைக் கண்டால் குளிக்காமல் வர மாட்டார்கள். அம்மா சோப்பு, சீயக்காய், மாற்றுச்சேலை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். ஆற்றங்கரைப் பழக்கத்தில் அப்பா வேட்டியையும் செருப்பையும் தண்ணீர் ஓரப் பாறையில் வைத்துவிட்டுத் துண்டோடு இறங்கினார். சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்தும் நுரை வரவில்லை. "கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்" என்று அம்மா கரைப் பாறையில் நின்றபடியே திட்டினாள். பக்கத்தில் பெரிய விவரக்காரி மாதிரி நானும் தலையை ஆட்டினேன்.

அந்த நேரத்தில்தான் வேட்டி மிதந்து போனது. பின்னாடியே செருப்பு. திரும்பிப் பார்த்தால், நாங்கள் இறங்கி வந்த மணலைக் காணோம்.

அப்பா பதறவில்லை. நெற்றியில் கையை வைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"மேல ஷட்டரத் தொறந்துட்டாக."

சத்தியமாக நம்பினேன். அம்மாவும் நம்பினாள். "ஒரு தகவல் சொல்லாமயா தொறப்பாக? கொழந்த குட்டி நின்னா என்னாகுறது?" என்று கோபப்பட்டாள்.

"இருங்க, கொஞ்ச நேரத்துல அடைச்சிருவாக" என்று எங்களை ஒரு பெரிய பாறைமேல் ஏற்றி உட்கார வைத்தார் அப்பா. உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். ஷட்டர் அடைபடவில்லை. அப்பா என் போனை வாங்கி, ஊரில் தன்னோடு தண்ணீர் பாய்ச்சுகிற ராசு மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"ஏலே மாப்ள, அணையில தொறந்துட்டாகளா?"

"இல்லயே மச்சான், வாய்க்கா காஞ்சுபோய்க் கெடக்கு. நீங்க எங்கன இருக்கீக?"

"கடல்ல."

"கடல்ல இருந்துக்கிட்டா மச்சான் கேக்குறீக?"

"அப்ப இது வேற அணை" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

அடுத்த அலை எங்கள் காலை நனைத்தது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்தார். என் முன்னால் அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. "ஆத்தா, எங்கள விடு. நீ அந்தக் கயித்தப் பிடிச்சு ஏறிரு" என்றார், மெதுவாக. தண்ணீருக்கு அப்பா பயந்து நான் பார்த்ததே கிடையாது. நல்ல இடம் காட்டுகிறேன் என்று பெற்றவர்களைக் கொல்லப் பார்க்கிறேனே என்று ஓவென்று அழுதேன்.

என் அழுகைதான் காப்பாற்றியது. பக்கத்துப் பாறையில் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "எந்தா அவிடெ?" (என்ன அங்கே?) என்று கத்தினார்.

கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தபோது கற்ற மலையாளத்தையெல்லாம் அப்பா திரட்டினார். "சேச்சி, ஷட்டர் எப்போழ் அடைக்கும்?"

"ஏது ஷட்டர்?"

பாறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சந்து வழியாக எங்களை ஒவ்வொருவராக இழுத்து மேலே ஏற்றிய பிறகு, அந்த அம்மா பாதித் தமிழில் விளக்கினார். கடல் தினமும் ஏறும், தினமும் இறங்கும். யாரும் திறப்பதில்லை, யாரும் அடைப்பதில்லை.

அப்பாவுக்கு உயிர் பிழைத்த சந்தோஷத்தைவிட இதுதான் பெரிதாக இருந்தது. "ஒரு ஆள் கூட இல்லாமயா? இம்புட்டுத் தண்ணிக்குமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவின் பூப்போட்ட மாற்றுச்சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, பஸ்ஸில் ஊர் வரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் ராசு மாமா நான்கு பேரோடு காத்திருந்தார். பூப்போட்ட சேலையைப் பார்த்தார். "என்ன மச்சான், அடைச்சாச்சா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும் ஷட்டர், வெங்காய விலை ஏறினாலும் ஷட்டர், அம்மாவுக்கு பிரஷர் ஏறினாலும் ஷட்டர்தான். எனக்கு 'கடல் கைடு' என்று பட்டம்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் அப்பா வயல் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சாம்பல் கரைக்க முல்லையாற்றுக்குப் போனபோது பொம்பளைகள் வர வேண்டாம் என்றார்கள். அம்மா அவர்களைத் தாண்டி முன்னால் நடந்தாள். அவர் விழுந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை.

ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சட்டியைக் கவிழ்த்தேன். சாம்பல் போகவே மாட்டேன் என்று என் காலையே சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மெல்ல ஏறியது. (மேலே கரண்ட் எடுக்கிற இடத்தில் விட்டிருப்பார்கள்.) கணுக்கால் தாண்டி, முழங்காலுக்கு வந்தது. சாம்பல் கலைந்து நகர்ந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருடி, போன ஒடனே ஷட்டரத் தொறக்கச் சொல்லிட்டாக உங்கப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள், நன்றாக, சத்தமாக.

கரையிலிருந்து ராசு மாமா, "தண்ணி கூடுது, ஏறி வாங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினார்.

"இருங்க மாமா" என்றேன். "கொஞ்ச நேரத்துல அடைச்சிருவாக."