உட்காரக் கூடாத நாற்காலி

கொசுவுக்கு அடுத்தபடியாக எங்கும் பெருகிவரும் ஜீவராசி ஒன்று உண்டு: கலை விளக்குநர். பழைய குடியிருப்பை இடித்து, அடுக்குமாடி எழுப்பி, வாசலில் ஒரு சிற்பம் வைக்கலாம் என்று தீர்மானம் போட்ட மறுநிமிடமே இவர் முளைத்துவிடுவார். கையில் சுருட்டிய வரைபடம், முகத்தில் நம் அறியாமைக்காக வருந்தும் ஒரு புன்னகை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் குடியிருப்பில் முளைத்தவர் சங்கச் செயலாளரின் மைத்துனர். முதல் கூட்டத்தில், "உங்களுக்கெல்லாம் என்ன வேணும்? மனசத் தொறந்து சொல்லுங்க" என்றார். மூன்றாம் மாடித் தையல்காரம்மா மனசைத் திறந்தார்.

"கேட்டுலேருந்து லிஃப்ட் வரைக்கும் ஒரே மூச்சா நடக்க முடியல தம்பி. முட்டி உயிர் போகுது. நடுவுல ஒரு பெஞ்ச் போட்டாப் போதும்."

மைத்துனருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "அடடா! உட்காரணும்ங்கிற ஏக்கம்! இதவிட ஆழமான கரு கெடைக்குமா?"

அவ்வளவுதான். சிற்பியை வரவழைத்து, கருத்துக்கேட்புக்கு மேல் கருத்துக்கேட்பு நடத்தி, பெஞ்ச் வந்திருக்க வேண்டிய அதே இடத்தில் இரண்டாள் உயரத்துக்கு ஓர் இரும்பு நாற்காலியை நிறுத்தி, சுற்றிலும் சங்கிலி கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகையும் மாட்டிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூடப் பரவாயில்லை. குரங்கின் மேல் சாய்ந்தாவது நிற்கலாம்.

திறப்பு விழாவன்று துணிமூட்டையோடு வந்த தையல்காரம்மா, சங்கிலியைத் தாண்டி நாற்காலியின் பீடத்தில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனர் பதறியடித்து ஓடி வந்தார்.

"அக்கா, எந்திரிங்க! இது உட்கார்ற நாற்காலி இல்ல. உட்கார்றதப் பத்தின நாற்காலி!"

"அப்ப என் முட்டிவலி? அதுவும் வலியப் பத்தின வலியா?"

மைத்துனர் காவலாளியைக் கூப்பிட்டு அவரை எழுப்பிவிட்டார். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, ஜனங்க இதோட எப்படி உறவாடுறாங்க!" என்று பூரித்தார். கூச்சநாச்சம் வேண்டாமா மனுஷனுக்கு?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீடு பார்க்க நீங்களும் வந்திருந்தீர்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்று, "என்னமோ ஒண்ணு இருக்கு இதுல" என்றீர்கள். கைபேசியை எடுத்தீர்கள். சங்கிலிக் கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "படத்துல விழுறீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னது யார்?