வெண்குடைபுரியின் மண்பற்று

ஏழு சுங்கச்சாவடிகளைத் தாண்டிப் போனால் வெண்குடைபுரி என்றொரு ராஜ்ஜியம் வரும். அங்கே மன்னரின் மைத்துனர் நடத்தி, நஷ்டமென்று மூடிவிட்டுப் போன பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் அஞ்சுகம் டீக்கடை வைத்திருந்தாள். பங்கின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, மண்ணெல்லாம் பெட்ரோல் ஊறி, அவள் கிணற்றிலும் இறங்கிவிட்டது. அவள் கடையில் டீ குடித்தவர்கள் ஏப்பம் விட்ட பிறகே பீடி பற்றவைத்தார்கள். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த மண்ணைத் தோண்டி அகற்றினால் கிணறு பிழைக்கும். கிணறு பிழைத்தால் கடை பிழைக்கும். அஞ்சுகம் அரண்மனையில் முறையிட, மண்வளத்துறை அமைச்சர் அதிவீரர் பரிவாரத்தோடு வந்து, மூக்கைப் பொத்தியபடி ஆய்வு செய்தார்.

"மண்ணு கெட்டுப்போச்சுங்க" என்றாள் அஞ்சுகம்.

"தாய்மண்ணைக் கெட்டதுன்னு சொல்றது ராஜத்துரோகம்மா."

"அப்ப இந்த நாத்தம்?"

"நாத்தம் இல்லை. மண்வாசனை."

மாலையே அரசாணை வந்தது. அந்தத் தெரு இனி மண்வாசனை மண்டலம். மூக்கைப் பொத்தினால் அபராதம். வசூலிக்கப் போன காவலர்கள் மயங்கி விழுந்தார்கள். தேசபக்தியில் மூர்ச்சையானதாக அறிவித்துப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்து வாசனை வரி வந்தது. சொந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவும் அஞ்சுகம் வரி கட்டினாள்.

அதற்குள் தேர்தல் நெருங்கியது. வேட்பாளர் மன்னர் ஒருவரே என்றாலும் பிரசாரத்தில் குறை வைக்கக் கூடாதல்லவா? அவரே நேரில் வந்து அந்த மண்ணை நெற்றியில் இட்டுப் பூமி பூஜை நடத்துவார் என்றார்கள். அஞ்சுகம் அமைச்சரிடம் ஓடினாள்.

"ஐயா, என்ன வேணா பண்ணுங்க. சூடம் மட்டும் கொளுத்தாதீங்க."

"சூடம் இல்லாம பூஜையா? நீ எந்த ஊரும்மா?"

மன்னர் வந்தார். மண்ணை அள்ளி நெற்றியிலும், படம் எடுத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் மீசையிலும் பூசினார். புரோகிதரிடமிருந்து தட்டைப் பிடுங்கி அமைச்சரே சூடம் காட்டினார். இரண்டாவது சுற்றில் மீசை விடைபெற்றது. தீ தரைக்கும் இறங்க, மந்திரிசபை வரலாற்றிலேயே முதல்முறையாக எல்லோரும் ஒரே திசையில் ஓடினார்கள்.

மறுநாள் அரண்மனை அறிக்கை சொன்னது: "மன்னரின் மண்பற்றை நாடறியும். நேற்று மண்ணும் மன்னரைப் பற்றிக்கொண்டது."

அரச மீசை உதிர்ந்த மண் புனித மண்ணானது. ஆழத் தோண்டி, வீட்டுக்கு ஒரு கலயம் வழங்க உத்தரவு. லாரி லாரியாக மண் போய்த் தீர்ந்தது. அஞ்சுகத்தின் கிணறும் மெல்லத் தெளிந்தது. அதிவீரரே டீ குடிக்க வந்தார்.

"கேட்டது கிடைச்சுதாம்மா, இல்லையா?"

அரசாங்கத்தைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. அப்போது தெருவில் தண்டோரா கேட்டது. நாளை மன்னர் பிறந்தநாள். அந்தி சாய்ந்ததும் குடிமக்கள் அனைவரும் வீட்டுக் கதவைச் சாத்தி, புனித மண் கலயத்துக்குச் சூடம் காட்ட வேண்டும்.

அமைச்சர் பெருமையோடு மீசையை முறுக்கினார். அஞ்சுகம் அவர் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக் கவிழ்த்தாள். பிறகு குடம், அண்டா, வாளி என்று வீட்டிலிருந்த அத்தனையையும் கிணற்றடிக்கு எடுத்து வந்து, தண்ணீர் இறைக்கத் தொடங்கினாள்.