தண்ணீரில் ஒரு குறையும் இல்லை

பாதுகாப்பு என்ற சொல்லுக்குக் கையும் காலும் முளைத்து, நேர் வகிடு எடுத்துச் சீவி, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று யாரும் கற்பனை செய்து கஷ்டப்பட வேண்டாம். இரும்பு அலமாரி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் வாசலில் காலையில் போய் நின்றால் போதும். வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டருக்கு வந்து, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த பிறகே அதைக் கழற்றும் பெருமகன் ஒருவர் வருவார். அவர்தான் பாதுகாப்பு அதிகாரி.

வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்து நடக்காத நாளில் பச்சை எழுத்து எரியும், நடந்த நாளில் சிவப்பு. அவர் பதவிக்கு வந்த பிறகு சிவப்பு பல்பு வேலை செய்கிறதா என்று சோதிக்கக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. மற்ற அதிகாரிகள் விபத்தைத் தடுக்கப் படாத பாடு படுவார்கள். நம்மவர் இன்னும் ஒரு படி மேலே போய், விபத்துக்கு வேறு பெயர் வைத்துவிடுவார். இயந்திரத்தில் விரல் நசுங்கியவர் ‘குடும்பக் காரணங்களுக்காக’ விடுப்பில் போவார். ஏணியிலிருந்து விழுந்தவர் ‘திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே கீழே வந்தவர்’ ஆவார்.

பெயிண்ட் அடிக்கும் அறையில் வேலை செய்பவர்களுக்குத் தீராத இருமல். புகையை வெளியே தள்ள ஒரு பெரிய ஃபேன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதில் வராததால் மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி அதைத் தீர ஆராய்ந்தார். ஃபேன் வைத்தால் அந்த அறையின் காற்று கெட்டது என்று ஆகிவிடும். காற்று நல்ல காற்று என்று கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டியவரோ அவரேதான். ஆகவே குறை காற்றில் இருக்க வழியில்லை, தொண்டையில்தான் இருக்க வேண்டும். அறை வாசலில் ஒரு ஜாடி நிறைய இருமல் மிட்டாய் வைத்து, அதை எப்படிச் சப்ப வேண்டும் என்று படம் போட்ட சுவரொட்டியும் ஒட்டினார். இருமல் நிற்கவில்லை. ஆனால் மிட்டாய் நன்றாகச் செலவானது. திட்டத்துக்கு நல்ல வரவேற்பு என்று அறிக்கை போனது.

இப்படிப்பட்டவரின் பொறுப்பில் ஒரு தங்கமீனை விட்டுப் போக அவருடைய மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மீனின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, எந்த முடிவும் சொல்வதில்லை என்பதால் பள்ளியில் படிக்கும்போது மகள் வைத்த பெயர் அது. ஒரு முறை பரீட்சையில் தோற்றுப்போய் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்த நாட்களில் அவள் அந்த மீனோடு மட்டும்தான் பேசினாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது, பெட்டி படுக்கையைவிட மீனைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டாள். தினம் ஒரு சிட்டிகை தீனி. வாரம் ஒரு முறை தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதனால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இவ்வளவுதான் சொன்னாள்.

“யார்கிட்ட சொல்றே?” என்றார் அப்பா.

அவர் உடனே செயலில் இறங்கினார். தொட்டிக்கு மேலே ‘பாதுகாப்பான மீனே மகிழ்ச்சியான மீன்’ என்று எழுதி மாட்டினார். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் ‘நீர் பரிசோதிக்கப்பட்டது, திருப்தி’ என்று அகலமாக ஒரு தாளில் கையெழுத்திட்டு ஒட்டினார். தீயணைப்பானைப் பக்கத்தில் நிறுத்தினார். தண்ணீர் மாற்றுவதை மட்டும், அது பார்க்கத் தெளிவாகவே இருந்ததால், அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்தார். அடுத்த வாரமும் அது தெளிவாகவே இருந்தது. தீனி விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. மீன் வாயைத் திறந்த போதெல்லாம் போட்டார். மீன் எப்போதும் வாயைத் திறந்தது.

மேனேஜர் ஒரு நாள் சுற்றி வருவதை நிறுத்திவிட்டு மேல்மட்டத்துக்குப் போய்க் காற்றை விழுங்க ஆரம்பித்தார். துடுப்புகளைக் குடை மாதிரி மடக்கிக்கொண்டார். வாலில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. அன்றைக்கென்று பார்த்து மகள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போன் செய்தாள்.

“மேனேஜர காட்டுங்கப்பா.”

“தூங்குறார்மா.”

“மீன் கண்ணையே மூடாதே. தூங்குதுன்னு எப்படித் தெரிஞ்சுது? தண்ணி மாத்துனீங்களா?”

“தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. அப்படித்தான் தாளில் எழுதி ஒட்டியிருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர், அதிகாரி. உறுப்பினர்கள், பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் அவருடைய மனைவியும், மருந்துக் கம்பெனிக்காக டாக்டர் டாக்டராக ஏறி இறங்கும் மனைவியின் தம்பியும். விசாரணையில் முதலில் வெளிப்பட்ட உண்மை, மீன் நீந்தும்போது உரிய கவனம் செலுத்தவில்லை என்பது. டீச்சர் குறுக்கிட்டு, மகள் சொன்னபடி தண்ணீரை மாற்றிப் பார்க்கலாமே, குளியலறையில் ஒரு வாளி நேற்றே பிடித்து வைத்திருக்கிறேன் என்றார். தலைவர் பொறுமையாக விளக்கினார். இப்போது மாற்றினால், இத்தனை நாள் மாற்றவில்லை என்று ஆகிவிடும்.

“அதுதானே உண்மை?”

“உண்மை வேற, ஒத்துக்கறது வேற.”

டீச்சர் கணக்கில் அப்படி ஒரு விடையைப் பார்த்ததில்லை. விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

தம்பிக்கோ உற்சாகம் பொங்கியது. பையைக் கவிழ்த்து மாதிரி மருந்துகளைப் பரப்பினான். மனிதனுக்குக் கொடுப்பதையே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் மீனுக்குச் சரியாகப் போகும் என்பது அவன் கொள்கை. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் அவனுக்குக் கொள்கை எதுவும் இல்லை. ஒரு மாத்திரையை உடைத்து மஞ்சள் பொடியைத் தூவினான். அது போதாதென்று மீன் கடையில் வாங்கிய நீல மருந்தையும், மூடி அளவு என்று எழுதியிருந்ததைப் படிக்காமல், கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினான். தொட்டி பச்சையானது. பாதுகாப்பின் நிறம் பச்சை என்பதால் அதிகாரிக்கு அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

சிகிச்சை முழுவதும் மிகவும் பாதுகாப்பாக நடந்தது. அதிகாரி ரப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி, ஹெல்மெட் எல்லாம் அணிந்திருந்தார். தொட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டப்பட்டது. ஏதாவது ஆபத்து என்றால் எல்லோரும் பால்கனியில் கூட வேண்டும் என்று ஒத்திகையும் நடந்தது. மீன் எங்கே கூட வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கடைசியில் வாயைத் திறந்தார்.

“அதுக்கு மூச்சு முட்டுது. நீங்க முகமூடி போட்டுட்டு நிக்கிறீங்க.”

மறுநாள் மதியம் அதிகாரி எதையோ மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் யாரும் இல்லை. மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தார். செவுள் மட்டும் எப்போதாவது ஒரு தரம் அசைந்தது. ‘ஓய்வு நிலை’ என்று ஒரு பெயர் அதிகாரியின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் பையைக்கூட இறக்காமல் நேரே இந்தத் தொட்டிக்குத்தான் வருவாள் என்பது நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. மீன் செத்துவிடுமோ என்பதைவிட, அவள் தன்னை ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மீனின் வயிற்றுப் பக்கத்தைப் பார்க்கக் குனிந்தார். தாள் மறைத்தது. தன் கையெழுத்தைத் தானே கிழித்தார். அதன் பின்னால், கூழாங்கற்களின் மேல், தின்னாமல் விட்ட தீனி விரல் கனத்துக்கு ஊறி, பஞ்சு பூத்துக் கிடந்தது. இத்தனை நாள் அவர் தெளிவென்று பார்த்த தண்ணீர் எல்லாம் தாளுக்கு மேலேதான் இருந்தது.

மகளுக்குப் போன் செய்தார். அவள் வேலை நடுவே எடுத்தாள்.

“மாத்தலம்மா. ஒரு தடவகூட மாத்தல.”

அவள் திட்டாமல், “வாளியில தண்ணி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. டீச்சர் தினமும் மாற்றிப் பிடித்து வைத்துக்கொண்டுதான் இருந்தார். மகள் தணிந்த குரலில் சொல்லச் சொல்ல அதிகாரி செய்தார். கையுறை தேடவில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை அடியில் இருந்த கசடில் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து இழுத்தார். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டார். திருப்தி என்று கையெழுத்துப் போட்ட தண்ணீர் முதல் முறையாக அவர் நாக்கில் பட்டது. அந்தச் சுவையை வர்ணிக்க அறிக்கை மொழியில் சொற்கள் கிடையாது. கழுவுதொட்டியில் துப்பிவிட்டு வந்து மறுபடியும் குழாயைப் பிடித்தார்.

மூன்றில் ஒரு பங்குதான் எடுத்தார். மொத்தமாக மாற்றினால் மீன் தாங்காது என்று மகள் தடுத்துவிட்டாள். தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தண்ணீரிலேயே அலசி வைத்தார். வாளித் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக, சத்தம் வராமல் ஊற்றினார். தீனி கிடையாது, மருந்து கிடையாது. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. தம்பி புதிதாக ஒரு டானிக்கோடு வந்தபோது டீச்சர் அவனை வாசலிலேயே நிறுத்திக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பையை இறக்காமல்தான் வந்தாள். மேனேஜர் நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து மூடினார். அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் லேசாகச் சாய்ந்துகொண்டாள். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாததால் தண்ணீர் தெறித்துவிட்டது என்று காரணம் சொன்னார்.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு மீனின் கதை. ஆனால் மாபெரும் அனுபவங்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்பவர் அல்ல நம் அதிகாரி. அந்த வாரமே தொழிற்சாலையில் பாதுகாப்புக் கூட்டம். முதலாளி மேடையில் அமர்ந்திருக்க, தொழிலாளிகள் எல்லோரும் கொட்டகையில் உட்கார வைக்கப்பட்டார்கள். பெயிண்ட் அறைக்காரர்கள் இருமினால் பேச்சு கேட்காதே என்று, மிட்டாய் கொடுத்து முன்வரிசையில் அமர்த்தப்பட்டார்கள். அதிகாரி பேசினார். தொட்டி, பச்சைத் தண்ணீர், சாய்ந்த மீன், குழாய் எல்லாம் வந்தன. தாளும் கையெழுத்தும் மட்டும் வரவில்லை. முடிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. மனம் நிஜமாகவே நெகிழ்ந்துதான் போயிருந்தார்.

“இதிலேர்ந்து நாம கத்துக்கறது ஒண்ணுதான். மீனுக்கு மூச்சு முட்டுதுன்னா மீனைத் திட்டாதீங்க. மீனுக்கு மருந்து ஊத்தாதீங்க. அது எதுக்குள்ள இருக்கோ, முதல்ல அதை மாத்துங்க.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. முதலாளி எழுந்து நின்று தட்டினார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று அதிகாரி பெருந்தன்மையோடு அறிவித்தார். முன்வரிசையிலிருந்து பெயிண்ட் அறை அக்கா எழுந்தார். அந்த அறையில் எல்லோரையும்விடப் பழையவர், எல்லோரையும்விட நன்றாக இருமுபவர். இருமல் அடங்கும்வரை கூட்டம் காத்திருந்தது.

“சார், ஒரே ஒரு சந்தேகம். அந்த மீனு உங்களுக்கு எழுதிக் கொடுத்துச்சா?”

அதிகாரி சிரித்தார். “மீன் எப்படிம்மா எழுதும்? பாவம், வாயைத் திறந்து திறந்து மூடிச்சு, அவ்வளவுதான்.”

“அதான் சார் விஷயம்” என்றார் அக்கா. “நாங்க விவரம் தெரியாம எழுதிக் கொடுத்துட்டோம்.”

அவர் உட்கார்ந்தார். வாயில் இருந்த மிட்டாயை எடுத்துத் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அதிகாரியை நேராகப் பார்த்து, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து மூடினார். பக்கத்தில் இருந்தவரும் திறந்து மூடினார். அப்படியே வரிசையின் கடைசி வரை போயிற்று. அதிகாரியின் நாக்கில் அந்தத் தண்ணீரின் சுவை திரும்ப வந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் இடமில்லை. பக்கத்திலேயே முதலாளி உட்கார்ந்திருந்தார்.

வாசல் பலகையில் அன்றைக்கும் பச்சை எழுத்தே எரிந்தது. கூட்டத்தில் யாரும் எதுவும் சொன்னதாகப் பதிவாகவில்லை.