மாமனாருக்காகச் சிவந்த கண்

குமாஸ்தாவின் கண்கள் சிவந்து, நிற்காமல் நீர் வடித்துக்கொண்டிருந்தன. மனைவி காப்பியோடு எதிரே நின்று, என்ன ஆயிற்று என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

ஆனது இதுதான். ஒரு மாதமாக, நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் அவர் வெல்டிங் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்று முகமூடி இல்லாமல் ஒரு நொடி வெல்டிங் வெளிச்சத்தை எட்டிப் பார்த்துவிட்டார். அந்த வெளிச்சம் அப்போது ஒன்றும் செய்யாது. சாயங்காலம் வீடு தேடி வந்து கண்ணில் மணலை அள்ளிக் கொட்டும்.

பதினெட்டு வருஷம் அவர் நகர்த்திய கோப்புகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அவருக்கே தெரியாது. பட்டறையில் அவர் ஒட்டிய இரண்டு தகடுகளோ, மேலே ஏறி நின்று குதித்தும் பிரியவில்லை. வேலையை விடுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டார். சொல்வதுதான் பாக்கி.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமனார். அதே ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து, சட்டையில் ஒரு மைப்பொட்டு படாமல் ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை கையில் அழுக்குப் படாது என்று சொல்லியே பெண்ணைக் கொடுத்தவர். அவர் காலமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. அவருடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது, யாரும் நகர்த்தவில்லை.

"மாமா ஞாபகம் வந்துடுச்சு," என்றார் குமாஸ்தா.

மனைவி கண் கலங்கினாள். சமையலறையிலிருந்து மாமியார் வந்து பார்த்தார்.

"அவரும் இப்படித்தான் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா அவங்கம்மாவ நெனச்சு கண்ணு இப்படிச் செவந்துடும். பத்து வருஷம். நான் போனா இவ்ளோ அழுவீங்களான்னு கேட்டேன். மூஞ்சியக் கழுவப் போயிட்டார்."

அதோடு போயிருக்கும். மனைவி தன் தம்பிக்கு போன் செய்துவிட்டாள். அப்பா காரியத்துக்கு அரை நாள் லீவில் வந்து போனவன், வெட்கப்பட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினான். தினமும் சாயங்காலம் குமாஸ்தாவுக்கு எதிரே நாற்காலி போட்டு, அவர் அழுவதற்காகக் காத்திருந்தான்.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் பட்டறையில் வேண்டுமென்றே முகமூடியைத் தூக்கினார். அன்றைய கண்ணீரில் மச்சினன் உருகிப்போய், சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் நினைவுக் கூட்டம் என்று அறிவித்தான்.

"நீங்கதான் பேசணும் அத்தான். எனக்கு அந்தத் தகுதி இல்ல."

சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் பட்டறையில் தேர்வு. தேறினால் அங்கேயே வேலை.

பட்டறை மாஸ்டரிடம் போய்த் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்டார். காரணத்தைக் கேட்டதும் மாஸ்டர் திங்கட்கிழமைக்கு மாற்றியதோடு, தானே கூட்டத்துக்கு வருவதாகவும் சொன்னார். வர வேண்டாம் என்பதற்குக் குமாஸ்தா நான்கு காரணங்கள் சொன்னார். நான்கையும் மாஸ்டர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. இரவல் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மாமனாரின் சுத்தமான கைகளைப் பற்றிக் குமாஸ்தா பேசிக்கொண்டிருந்தபோது, பொறி பட்டுச் சல்லடையான சட்டையோடு மாஸ்டர் உள்ளே வந்தார்.

"இவர் யாருங்க?" என்றாள் மனைவி.

மாஸ்டர் கவனிக்கவில்லை. சுவரில் இருந்த மாமனார் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"இவர் ஞாயித்துக்கிழமை தவறாம நம்ம பட்டறைக்கு வருவாரும்மா, என்னைவிட நல்லா வெல்டிங் பத்தவைப்பார். கண்ணு செவந்தா வீட்டுல என்ன சொல்றதுன்னு கேட்டார், அம்மா ஞாபகம்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."